ரோட்டோர வீடும் இடுப்புச் சுற்றளவும்: காற்று மாசு உடம்பைப் பெருக்க வைக்குமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். உங்களுக்கு வயது 43. பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையைப் பார்த்த மாதிரி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் 6 கிலோ ஏறிவிட்டது. சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை என்கிறீர்கள். தினமும் துடைத்தாலும் ஜன்னல் கம்பியில் கறுப்பாக வந்து ஒட்டுகிற தூசியைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு, 'காற்று மாசால் உடல் பருமன்' என்ற செய்தி கண்ணில் பட்டதும் சந்தேகம் வரத்தான் செய்யும். அது உண்மையா, உண்மையென்றால் வீட்டை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களிடம் காற்று மாசுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் எடை மெஷினில் தெரிகிற அளவு சின்னது, அதுவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. உங்கள் 6 கிலோவையும் சாலையின் கணக்கில் எழுத முடியாது. மாசு பண்ணுகிற காரியம் எடையில் தெரிவதைவிட வயிற்றுக்குள் சேரும் கொழுப்பிலும் ரத்தச் சர்க்கரையிலும்தான் அதிகம் தெரிகிறது என்பது என் கருத்து. இந்தத் தரவுகளோடு மாரடிக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவசரம் என்றால் கடைசிப் பத்திகளுக்குப் போய்விடுங்கள்.

அந்த ஜன்னல் கம்பித் தூசி பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கரி பெரும்பாலும் பெரிய துகள். அதில் கணிசமானது மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும். ஆய்வுகளில் பேசப்படுவது பிஎம் 2.5, அதாவது விட்டம் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வராது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கு வைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய அரசின் வரம்பு 40. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் நம் ஊர்களின் வாழ்க்கை ஓடுகிறது, தில்லி பக்கம் அதையும் தாண்டி.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமானது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் நடந்தது. 1948இல் தொடங்கி, இதய நோயைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிற பிரபலமான ஆய்வு அது. அதில் இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் 2,372 பேரை எடுத்து, அவர்கள் வீடு பெரிய சாலையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்தார்கள். வயிற்றை சிடி ஸ்கேன் எடுத்து, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு எவ்வளவு, குடலையும் கல்லீரலையும் சுற்றி உள்ளே படிந்திருக்கும் கொழுப்பு எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். முடிவு 2016இல் வெளியானது. சாலையிலிருந்து 60 மீட்டரில் இருந்தவர்களுக்கு, 440 மீட்டர் தள்ளி இருந்தவர்களைவிட பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 0.37 அதிகம். உள்வயிற்றுக் கொழுப்பு சுமார் 42 கன சென்டிமீட்டர் அதிகம்.

0.37 பிஎம்ஐ என்றால் என்ன? 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. 42 கன சென்டிமீட்டர் என்பது மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய் கூட வராது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த ஆய்வில் எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. அதே ஆட்களின் வீட்டு முகவரிக்கு பிஎம் 2.5 அளவையும் கணித்துப் பார்த்தார்கள். அதற்கும் கொழுப்புக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. சாலைக்கு அருகில் இருப்பது ஒட்டுகிறது, மாசின் அளவு ஒட்டவில்லை.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். வண்டிப் புகையில் இருக்கும் மிக நுண்ணிய துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சாலையிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளினாலே வெகுவாகக் குறைந்துவிடும். பிஎம் 2.5 அப்படி இல்லை, ஊர் முழுக்கப் பரவி நிற்கும். அதனால் கெடுதல் செய்வது பிஎம் 2.5 அல்ல, புகையின் அந்த இன்னொரு பகுதிதான் என்று ஒரு வாசிப்பு. இன்னொன்று: காற்றே காரணம் இல்லை. ராத்திரி முழுக்க லாரி ஹார்ன், கெடுகிற தூக்கம், இறங்கி நடக்க நடைபாதை இல்லாத சாலை, வாசலிலேயே பரோட்டா கடை. சத்தம் மட்டுமே தனியாக இடுப்புச் சுற்றளவோடு தொடர்புடையது என்று ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பகுதியில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. இரண்டில் எது என்று இந்த ஒரு ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது.

அடுத்தது உங்கள் வயதுக்குப் பொருந்துவது. மாதவிடாய் நிற்கும் காலத்தைக் கடக்கும் பெண்களை அமெரிக்காவின் பல நகரங்களில் வருடக்கணக்கில் பின்தொடரும் 'ஸ்வான்' என்ற ஆய்வு. அதிலிருந்து 1,654 பெண்களை 2000 முதல் 2008 வரை டெக்ஸா ஸ்கேனில், அதாவது உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேனில், பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் வயது சராசரியாக ஐம்பதை ஒட்டி இருந்தது. மாசு அதிகமுள்ள இடத்தில் இருந்தவர்களுக்குக் கொழுப்பு கூடியது, தசை குறைந்தது. கொழுப்பில் சுமார் 4.5 சதவீத வித்தியாசம், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முடிவு 2022இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழுவால் வெளியிடப்பட்டது. கொழுப்பு ஏறி தசை இறங்கினால் எடை மெஷின் முள் அவ்வளவாக அசையாது என்பதைக் கவனியுங்கள். எடையை மட்டும் பார்த்த ஆய்வுகள் இதைத் தவற விட்டிருக்கலாம். இன்னொரு முக்கியமான விஷயம், உடற்பயிற்சி அதிகம் செய்தவர்களிடம் இந்த விளைவு மழுங்கியிருந்தது.

இத்தோடு நிறுத்தினால் செய்தித்தாள் எழுதுவது போலத்தான் இருக்கும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் 38,374 பேரை, 56 பெருநகரப் பகுதிகளில், 16 வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில் பிஎம் 2.5க்கும் எடை கூடுவதற்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் அப்படியே. அத்தனை பேர், அத்தனை வருடம், ஒன்றுமில்லை. 2018இல் ஒரு குழு அதுவரை வந்த 16 ஆய்வுகளை அலசி, அவற்றில் இருந்த 66 முடிவுகளை எண்ணிப் பார்த்தது. மாசு கூடினால் எடை கூடுகிறது என்றவை 29. தொடர்பே இல்லை என்றவை 29. மாசு கூடினால் எடை குறைகிறது என்றவை 8. இந்தத் துறையில் யாராவது 'நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று அடித்துச் சொன்னால் இந்த மூன்று எண்களையும் அவரிடம் நீட்டுங்கள்.

ஏன் இப்படி முடிவுகள் மூன்று பக்கமும் இழுக்கின்றன? மாசு எங்கே இருக்கிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் தலைகீழாக மாறுகிறது. அமெரிக்க நகரங்களில் நெடுஞ்சாலை ஓரம் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள் இருக்கும் இடம். அங்கே வசதி குறைவுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு உண்டு, குறிப்பாகப் பெண்களிடம். ஆகவே மாசையும் பருமனையும் சேர்த்துக் கட்டுவது வறுமையாகக் கூட இருக்கலாம். நம் ஊரில் கதையே வேறு. விறகடுப்பு எரிகிற ஒரு குடிசையின் சமையலறையில் நின்று பாருங்கள், கண் எரியும். அண்ணா சாலை சிக்னலைவிடப் பல மடங்கு துகள் அங்கே இருக்கும். அதை ஊதிக்கொண்டிருக்கும் பெண்மணி பெரும்பாலும் ஒல்லியாக இருப்பார். மூன்று வேளை சாப்பாடு நிச்சயமில்லை, நாள் முழுக்க உடலுழைப்பு. கணக்கை மேலோட்டமாகப் போட்டால் 'புகை உடம்பைக் குறைக்கிறது' என்று வந்து நிற்கும். அந்த எட்டு முடிவுகளில் சிலதுக்குப் பின்னால் இந்த மாதிரிக் கதை இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

நகரத்துக்குள்ளேயே இன்னொரு குழப்பம். மயிலாப்பூர், தி.நகர் மாதிரிப் பழைய பகுதிகளில் வண்டி நெரிசல் அதிகம், புகையும் அதிகம். ஆனால் அங்கே காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக, பஸ் பிடிக்க நடந்தே ஆக வேண்டும். ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த குடியிருப்பில் காற்று சுமாராக இருக்கும், ஆனால் பால் பாக்கெட் வாங்கவே வண்டியை எடுப்பார்கள். அப்புறம், ஆய்வாளர்கள் வீட்டு முகவரியை வைத்துத்தான் மாசைக் கணிக்கிறார்கள். ஒருவர் உண்மையில் சுவாசித்தது சமையலறையிலும் பஸ் ஸ்டாண்டிலும் அலுவலகத்திலும். அந்த அளவு யார் கையிலும் இல்லை.

சிகரெட் பற்றியும் கேட்பார்கள். துகளை நேராகவே உள்ளே இழுப்பவர்கள் குண்டாகத்தானே இருக்க வேண்டும், ஏன் ஒல்லியாக இருக்கிறார்கள்? நிக்கோடின் பசியை அடக்குகிறது, உடல் செலவழிக்கும் ஆற்றலைக் கொஞ்சம் கூட்டுகிறது. அதனால்தான் விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுகிறது. ஆனால் ஒரே பிஎம்ஐ உள்ளவர்களை ஒப்பிட்டால் புகைப்பவர்களுக்குத் தொப்பை அதிகம் என்பதும் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. இங்கேயும் எடை ஒன்று சொல்கிறது, இடுப்பு வேறொன்று சொல்கிறது.

காரணத்தைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் செய்த ஒரு கெட்டிக்கார வேலையைச் சொல்லியாக வேண்டும். சாதாரணமாகத் தரையருகே இருக்கும் காற்று சூடாக இருக்கும், மேலே போகப் போகக் குளிரும். சூடான காற்று எழும்பும்போது புகையும் கூடவே போய்விடும். சில நாட்களில் இது தலைகீழாகிவிடும். மேலே சூடு, கீழே குளிர்ச்சி. அப்போது காற்று எழும்பாமல் புகை முழுக்கத் தரையிலேயே தேங்கும். மார்கழி காலையில் மூடுபனியும் குப்பை எரித்த புகையும் கலந்து தெருவிலேயே நிற்குமே, அது இப்படித்தான். எந்த வருடம் எந்த ஊரில் இது எத்தனை தடவை நடக்கும் என்பதை வானிலைதான் தீர்மானிக்கிறது. அங்கிருப்பவர்கள் பணக்காரரா ஏழையா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே இந்தத் தலைகீழ் நாட்கள் அதிகமிருந்த இடங்களையும் வருடங்களையும் ஒப்பிட்டால், வறுமையின் குறுக்கீடு இல்லாமல் மாசின் விளைவை மட்டும் பார்க்கலாம்.

சீனாவில் 1989 முதல் 2011 வரை எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, கடந்த 12 மாத சராசரி பிஎம் 2.5 ஒரு மைக்ரோகிராம் கூடினால் பிஎம்ஐ 0.27 சதவீதம் கூடுகிறது. 60 கிலோ ஆளுக்கு 160 கிராம். பத்து மைக்ரோகிராமுக்குப் பெருக்கினால் ஒன்றரை கிலோவைத் தாண்டுகிறது. திசையை நான் நம்புகிறேன், அளவை அப்படியே நம்பத் தயங்குகிறேன். மந்தமான, புகை மண்டிய நாட்களில் ஜனங்கள் வெளியே போகாமல் வீட்டில் உட்கார்ந்து எதையாவது கொறிப்பதும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அதுவும் மாசின் விளைவுதானே என்று வாதாடலாம், தப்பில்லை. ஆனால் துகள் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி.

அதற்கு எலிகளிடம் போக வேண்டும். நீங்கள் படித்த மாதிரிச் செய்திகளில் அடிக்கடி வருவது பெய்ஜிங்கில் நடந்த எலி ஆய்வு, 2016இல் வெளியானது. கர்ப்பமான எலிகளை இரண்டு அறைகளில் வைத்தார்கள். ஒன்றுக்குள் பெய்ஜிங்கின் வெளிக்காற்று அப்படியே வந்தது. இன்னொன்றில் அதே காற்று வடிகட்டி வழியாக வந்தது. தீனி இரண்டுக்கும் ஒன்றுதான். பத்தொன்பது நாளில் மாசுக் காற்று எலிகளின் நுரையீரலும் கல்லீரலும் கனத்து அழற்சி காட்டின, கொலஸ்ட்ரால் எகிறியது, கர்ப்ப காலத்தின் கடைசியில் அவற்றின் எடையும் அதிகம். இதற்கு முன் 2009இல் அமெரிக்காவில் செய்த சோதனை இன்னும் பொருத்தமானது. எல்லாச் சுண்டெலிகளுக்கும் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து, பாதிக்கு மட்டும் மாசு கலந்த காற்றைக் கொடுத்தார்கள். மாசு பட்டவற்றுக்கு உள்வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) கூடின. அதாவது கெட்ட சாப்பாடு ஆரம்பித்து வைத்த வேலையை மாசு மேலே கொண்டுபோனது.

உள்ளே நடப்பது இது. நுரையீரலில் இறங்கிய துகளை விழுங்கு செல்கள் சுற்றி வளைக்கின்றன, முடியாமல் அழற்சி ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை கொழுப்புத் திசு வரை போய் அங்கிருக்கும் விழுங்கு செல்களையும் கிளப்பிவிடுகின்றன. கொழுப்புத் திசு அழற்சியில் இருந்தால் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. இன்சுலின் அளவு ஏறும், ஏறினால் கொழுப்பு கரைவது தடைப்படும். இன்னொரு வழி பழுப்புக் கொழுப்பு. உடம்புச் சூட்டுக்காகக் கொழுப்பை எரிக்கும் திசு அது. மாசு பட்ட சுண்டெலிகளில் அதன் செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா குறைந்துபோனது. மூன்றாவது, பசியையும் சர்க்கரையையும் மேற்பார்க்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸிலேயே அழற்சி. வண்டிப் புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற பொருளைக் கொடுத்தபோது கொழுப்பு கரைவது தடைப்பட்டு எடை ஏறியதாகவும் 2006இல் ஒரு சுண்டெலிச் சோதனை காட்டியது.

எலி வேறு மனிதன் வேறு என்பீர்கள். சரிதான். மனிதர்களை வைத்து இந்த விஷயத்தில் நான் பெரிதும் மதிக்கும் சோதனை ஷாங்காயில் 55 கல்லூரி மாணவர்களோடு நடந்தது. விடுதி அறைகளில் ஏர் பியூரிஃபையர் வைத்தார்கள். ஒன்பது நாள் நிஜ வடிகட்டியோடு, ஒன்பது நாள் வடிகட்டி இல்லாத வெறும் பெட்டியாக, நடுவில் இடைவெளி விட்டு. எப்போது எது என்று மாணவர்களுக்குத் தெரியாது. மாசுக் காற்று இருந்த நாட்களில் கார்டிசால், அட்ரினலின் போன்ற மன அழுத்த ஹார்மோன்கள் ஏறியிருந்தன. ரத்த அழுத்தமும் இன்சுலின் எதிர்ப்பும் கூடவே ஏறின. 2017இல் வெளியான இந்த முடிவை உடல் பருமன் ஆய்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஒன்பது நாளில் யாரும் குண்டாகவும் மாட்டார்கள். ஆனால் கார்டிசால் நீண்ட காலம் ஏறியே இருந்தால் கொழுப்பு வயிற்றைத் தேடித்தான் போகும் என்பதைச் சர்க்கரை நோய் மருத்துவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

இதனால்தான் நம்மைப் போன்றவர்கள் எடையைவிட வயிற்றையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும் என்கிறேன். புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்திய உடல்வாகு பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நாடு தழுவிய ஆய்வு 2023இல் சொன்னதும் இதே திசையில்தான். பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம்.

நம் ஊர்த் தரவு என்றால் சென்னையும் தில்லியும் சேர்ந்த ஆய்வு. இரண்டு நகரங்களிலும் 12,000க்கும் மேற்பட்ட பெரியவர்களை 2010 முதல் சில வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். ஆண்டு சராசரி பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது என்று 2023இல் வெளியிட்டார்கள். ஆனால் ஐதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் 2019இல் வெளியான ஆய்வு, துகள் மாசுக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு காணவில்லை என்றது. நகரம், கிராமம் வித்தியாசமா, மாசின் கலவை வேறா, வயது வேறா என்று சண்டை போடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் எனக்கு நகரவாசிகள் விஷயத்தில் கவலை அதிகம்தான்.

இப்போது உங்கள் 6 கிலோ. நான்கு வருடத்தில் 6 கிலோ என்றால் வருடத்துக்கு ஒன்றரை. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு 30 கலோரி சொச்சம்தான் மிச்சமாகியிருக்கிறது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. எடை ஏற ஏற உடம்பின் செலவும் கூடும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகத்தான் தேவைப்படும், ஆனாலும் சின்னத் தொகைதான். 'சாப்பாடு முன்பு மாதிரிதான்' என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஏனென்றால் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எந்த மனிதனாலும் உணர முடியாது. பழைய வீட்டில் ரயில் நிலையத்துக்கு நடந்து போய், இப்போது கீழே இறங்கினதும் ஆட்டோ கிடைக்கிறது என்றாலே போதும். நாற்பதைத் தாண்டிய தசை இழப்பு, தூக்கம், தைராய்டு, ஒரு புது மாத்திரை, எதுவும் போதும். காற்றும் அதில் ஒரு பங்கு போட்டிருக்கலாம். உங்கள் ஒருவர் விஷயத்தில் அந்தப் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆய்வுகளில் வருகிற அளவைப் பார்த்தால் ஆறில் ஒன்றைத் தாண்டுவது கஷ்டம் என்பது என் ஊகம்.

ஊர் அளவிலும் இதே கதைதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பிஎம்ஐ 25ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், அடுத்த சுற்றில் 40.4 சதவீதம். இந்த வேகத்தைக் காற்றை வைத்து விளக்க முடியாது. தட்டும் நாற்காலியும்தான் முதல் குற்றவாளிகள்.

செய்ய வேண்டியது என்று பார்த்தால், முதலில் ஒரு டேப்பை எடுத்து இடுப்பை அளந்துகொள்ளுங்கள். விலா எலும்பின் கீழ் முனைக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, இதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கூடவே இரண்டு ரத்தப் பரிசோதனை: கடந்த மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச். இரண்டையும் பார்த்துவிடுங்கள். எச்பிஏ1சி 5.7ஐத் தாண்டியிருந்தால் மருத்துவரிடம் போங்கள். அந்த எண் உங்கள் 6 கிலோவைவிட முக்கியம்.

நடக்கப் போங்கள், புகைக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். பிஎம் 2.5 சராசரி 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊரில் கூட, கெடுதல் நன்மையை மிஞ்ச ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும் என்று 2016இல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. சென்னை அந்த அளவுக்குக் கெடவில்லை. ஆனால் ஜிஎஸ்டி சாலை ஓரமாக நடக்காதீர்கள். இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனாலே வித்தியாசம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை நல்ல காற்று என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் மேலே சொன்ன தலைகீழ் அடுக்கு அந்த நேரத்தில்தான் இருக்கும், வெயில் ஏறினால்தான் கலையும். போகிப் பண்டிகை அன்று காலை நடைக்கே போக வேண்டாம்.

வீட்டுக்குள் முதலில் கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. ஜன்னலை மூடி, சுருளை ஏற்றி வைத்துவிட்டு, ஜிஎஸ்டி சாலையைத் திட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வலை போடுங்கள். தாளிக்கும்போது சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடட்டும். ஊதுபத்தியைச் சாமி அறையில் மணிக்கணக்கில் புகைய விட வேண்டாம்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா என்றால், ஆஸ்துமாவோ இதய நோயோ வீட்டில் யாருக்காவது இருந்தால் படுக்கை அறைக்கு ஒன்று வாங்குங்கள், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக, அறையின் அளவுக்கு ஏற்றதாக. எடை குறைய வேண்டும் என்பதற்காக வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பும் ஒரு ஜோடி டம்பெல்லும் வாங்கினால் தசைக்காவது உதவும்.

வீட்டை மாற்றுவது பற்றி: எடைக்காக மாற்ற வேண்டாம். ஆனால் ராத்திரி லாரிச் சத்தத்தில் தூக்கமே இல்லை, குழந்தைக்கு இளைப்பு அடிக்கடி வருகிறது, வாடகை ஒப்பந்தமும் முடியப் போகிறது என்றால் முந்நூறு நானூறு மீட்டர் உள்ளே தள்ளி அதே வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதே கட்டடத்தில் பின்பக்கம் பார்த்த வீடு காலியானால் அதையும் கேட்டு வையுங்கள். சொந்த வீடு என்றால் படுக்கை அறையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டு, நெரிசல் நேரத்தில் சாலைப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள், போதும்.